ஆலமரத்து வௌவால்களை விரட்ட வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

மைதானத்து ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களைத் தீபாவளிக்கு முன்பே வெடி போட்டு விரட்டிவிடலாம் என்று சென்ற மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நாற்றம், எச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக நிபா வைரஸ் காய்ச்சல் பயம். எனக்கு இதில் சம்மதமில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதத்தில் சத்துணவுக் கூடத்துப் பக்கம் நிற்கும் வேம்பின் அடியில் காலையில் பார்த்திருப்பீர்கள். இலுப்பைக் கொட்டைகள் சிதறிக் கிடக்கும். வௌவால்கள் சதையைச் சப்பிவிட்டுத் துப்பியவை. சிலவற்றில் பல் தடம்கூடத் தெரியும். பள்ளியைச் சுற்றி இலுப்பை மரமே கிடையாது. ஏரிக்கரையிலிருந்து வாயில் கவ்விக்கொண்டு வந்து போட்டவைதான் அவை. இப்படி விழுவதில் பாதி காய்ந்து போகும், ஒன்றிரண்டு முளைக்கும். இலுப்பையும் இலவமும் பூத்துக் காய்ப்பதிலும் வௌவாலுக்குப் பங்குண்டு. சின்ன வௌவால்கள் வேறு ரகம். வயலில் பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை.

பழந்தின்னி வௌவால் பொதுவாக வருடத்துக்கு ஒரே குட்டிதான் போடும். குட்டியை வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டே தாய் பறக்கும். வெடிச் சத்தத்தில் கூட்டம் மிரண்டால் குட்டி கீழே விழும். போன கூட்டம் சீக்கிரம் பெருகி வராது. 1972 வனவிலங்குச் சட்டமே இவற்றை எலி, காக்கையோடு சேர்த்துத் தொல்லைப் பிராணி என்றுதான் எழுதி வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. சட்டத்துக்கு ஐம்பது வருடம் பிடித்தது, போகட்டும். விழுப்புரம் மாவட்டம் கழுப்பெரும்பாக்கத்து மக்கள் தங்கள் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை.

நிபா விஷயத்துக்கு வருகிறேன். 2018-ல் கோழிக்கோட்டில் பரவியது நினைவிருக்கும். பழந்தின்னி வௌவால்களிடம் அந்த வைரஸ் இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் விரட்டினால் அவை சிதறி உங்கள் கொல்லை மரத்துக்கே வரும். அதைவிட, கடித்த கொய்யாவைப் பிள்ளைகள் தின்னாமல் பாருங்கள். மற்ற பழங்களைக் கழுவித் தோல் நீக்கிக் கொடுங்கள். கீழே விழுந்த வௌவாலைத் தொடக் கூடாது. ஆசிரியரிடம் சொன்னால் வனத்துறைக்குத் தகவல் கொடுப்போம். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

குடிநீர்த் தொட்டிக்கு மூடி போட்டாயிற்று. மரத்தடியில் இனி வகுப்போ சாப்பாட்டுப் பந்தியோ நடக்காது. அப்புறம், உண்டிவில்லோடு வரும் பையன்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவற்றை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் நல்லது. இன்னும் சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வாருங்கள், பேசுவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்