பிள்ளையை நிறுக்கும் நாளில் தாயிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்

வட மாகாண சுகாதாரத் திணைக்களத்தினருக்கும் கல்வித் திணைக்களத்தினருக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டத்தில் முன்பள்ளி ஆசிரியை. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஒடுங்கிக் கிடந்த சிறுவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் படலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் நிறை குறைந்தால், பேச்சுப் பிந்தினால் கேட்க இன்று ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையை வளர்க்கிறவர் எதைத் தாண்டி வந்தார் என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஒரு தாயைச் சொல்கிறேன். மகன் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பினால் அவருக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும். ஒருநாள் பிள்ளை அகப்பைக்காம்புத் தழும்போடு வந்தான். கேட்டதற்கு, "சரியான குழப்படி ரீச்சர்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே தொடங்கினார். கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்திருக்கிறது. முன்னுக்கு நின்றவன் அவருடைய தம்பி. "இவன் சோத்தைக் கொட்டேக்க எனக்கு அவன்ர கோப்பைதான் ரீச்சர் தெரியுது." அடித்துப்போட்டு இரவிரவாகப் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டு இருப்பாராம். இந்தத் தாயைக் கொடுமைக்காரி என்று எழுதி மேலே அனுப்பலாம். அனுப்பினால் அடி நிற்காது, அவர் பிள்ளையை எங்களிடம் அனுப்புவதுதான் நிற்கும்.

எல்லா வீட்டிலும் இது அடியாக வருவதில்லை. திருவிழாவில் வெடி போட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு நிலத்தில் படுக்கிற அம்மா இருக்கிறார். பக்கத்து வளவுக்குக்கூடப் பிள்ளையை விடாதவர்கள் இருக்கிறார்கள். கதவடியில் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் போட்ட சொப்பின் பை இன்னும் தொங்குகிற வீடுகள் இருக்கின்றன. கசிப்பு இல்லாமல் நித்திரை வராத அப்பாமார் இருக்கிறார்கள். எனக்குக் கூடுதல் கவலை தருவது குழப்படியே செய்யாத பிள்ளைதான். நாலு வயதில் தாயின் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு அழலாமா கூடாதா என்று கணக்குப் பார்க்கிற பிள்ளை அது.

இது வன்னிக்கு மட்டும் வந்த வினை இல்லை. நாசி வதைமுகாம்களில் இருந்து தப்பிக் கனடாவுக்குப் போனவர்களின் பிள்ளைகளிடம் இதன் சாயலை 1960 களிலேயே மருத்துவர்கள் கண்டு எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் முகாமைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் சிறு பிள்ளை உலகம் பயப்படத்தக்கதா இல்லையா என்பதை வளர்க்கிறவரின் முகத்திலும் குரலிலும்தான் படிக்கிறது. நித்திரையில்லாத, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிற, அல்லது உள்ளுக்குள் மரத்துப்போன ஒருவரால், எவ்வளவு பாசம் இருந்தாலும், பிள்ளை அழும்போது ஆறுதலாக நிற்க முடிவதில்லை. போரின் பாதிப்பு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்று மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வருகிறார். நம்பிக்கை தருகிற பக்கமும் இருக்கிறது. வடக்கின் தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்து 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், கொடுமைகளைக் கண்ட பிள்ளைகளுக்குக்கூடப் பெற்றோரின் அன்பான கவனிப்பு காப்பாக இருந்தது தெரிந்தது. அப்படியென்றால் பெற்றோருக்குச் செய்கிற வைத்தியம் பிள்ளைக்கும் செய்கிற வைத்தியம்தானே?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளைத் தனியாகச் சொல்லவேண்டும். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் போராட்டக் கொட்டிலுக்குள் தவழ்ந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் உண்டு. இறந்துவிட்டார் என்று அந்தியேட்டி செய்ய மனம் ஒப்பாது, வருவார் என்று சொல்லவும் நா எழாது. "அப்பா எங்க?" என்ற கேள்விக்கு அந்தத் தாய் என்ன சொல்லுவார்? அவருக்கு வேண்டியது உண்மை. அதை ஆலோசனையால் ஈடுசெய்யலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்கவேண்டாம். ஆனாலும் உண்மை வரும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்காது. அவருக்குத் துணை இன்றைக்கே வேண்டும்.

மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்றால் எங்கள் சனம் போகாது. பைத்தியம் என்ற பெயர் வந்துவிடும், பிறகு தங்கைச்சியின் கலியாணமும் குழம்பும் என்ற பயம். 1926 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, நல்லது. ஆனால் அயலட்டைக்குக் கேட்கிற தகர வீட்டுக்குள் இருந்து எதைக் கதைப்பது? அதே தாய்மார் பிள்ளையை நிறுக்கவும் ஊசி போடவும் கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறார்கள். குடும்பநல உத்தியோகத்தரை வீட்டு ஆளாக நினைக்கிறார்கள். அந்த இடத்தில் கேளுங்கள். "இரவில் நித்திரை வருதா? பிள்ளையில கை வைச்சுப்போட்டுப் பிறகு அழுறனீங்களா?" இந்தக் கேள்விகளை எப்படிக் கேட்பது, வருகிற பதிலை எப்படித் தாங்குவது, யாரிடம் கூட்டிப் போவது என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். மூச்சுப் பயிற்சி, உடலைத் தளர்த்திப் படுக்கிற சாந்தி ஆசனம், செபம் என்று எங்கள் ஆட்களுக்குப் பழகிய வழிகளாலேயே உடலின் பதற்றத்தைத் தணிக்கலாம். நடந்ததைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பொறுமையாகக் கேட்டு ஒழுங்காகச் சொல்லவைப்பதும் ஒரு சிகிச்சை, அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அப்பாமார் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். அவர்களை மீனவர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் போய்ச் சந்திக்கவேண்டும்.

கல்வித் திணைக்களத்துக்கு ஒன்று. உடல் தண்டனை கூடாது என்று 2005 இலும் 2016 இலும் சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை சரி. ஆனால் வகுப்பில் நிற்கிற ஆசிரியர்களில் பலரும் அதே பங்கரில் இருந்தவர்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த மாதமான மே மாதத்தில் வீடுகளில் நித்திரை குறையும், பிள்ளைகள் சோர்ந்தும் சிடுசிடுத்தும் வருவார்கள். அந்த நாட்களில் பெற்றோரைக் கூப்பிட்டு ஏசவேண்டாம் என்றாவது பள்ளிகளுக்கு அறிவியுங்கள்.

நான் சொன்ன தாய் இப்போதும் சிலநேரம் கை ஓங்குகிறார். பிறகு மகனைப் பக்கத்தில் இருத்தி, "அம்மாவுக்குப் பழைய பயம் வந்திட்டுது, உன்னில பிழை இல்லை" என்கிறார். அதற்கே அவருக்குக் கனகாலம் எடுத்தது. உதவிக்கு இருந்ததோ எந்தப் பயிற்சியும் இல்லாத நானும் பக்கத்து வீட்டு அக்காவும்தான்.

பின்னேரத்தில் எங்கள் முன்பள்ளிக் கட்டடம் சும்மாதான் கிடக்கிறது. தாய்மார் கூடிக் கதைக்க அதைத் திறந்துவிட நாங்கள் தயார். பிள்ளைகளை அந்த நேரம் நாங்களே பார்த்துக்கொள்வோம். கிழமையில் ஒருநாள், பயிற்சி பெற்ற ஒருவரை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்பள்ளி ஆசிரியை