கழித்துப் போட்ட வால்வுகள் எங்கே போகின்றன?

அன்புள்ள ராஜாராம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. கமலத்துக்கு அதில்தான் பெரிய நிம்மதி. எனக்கு முழங்கால் மட்டும் மக்கர் பண்ணுகிறது. மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெஞ்சு, மீட்டர் எல்லாவற்றையும் கீழ் அறைக்கு இறக்கிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விருப்ப ஓய்வில் வந்த பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, பழைய ரேடியோவிலும் ஆம்ப்ளிஃபயரிலும் எரியுமே அந்தக் கண்ணாடி வால்வை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கும் விலை, அனுப்பும் கூலி, சுங்கம், விற்கும் விலை என்று கணக்கும் அழகாகப் போட்டிருக்கிறாய். அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது: கழிவு. வந்த பெட்டியில் எத்தனையை நீயே தூக்கிப் போடப்போகிறாய்? அதை எழுதாமல் இதில் இறங்காதே.

வால்வு இன்றைக்கும் பெரும்பாலும் கையால் கோக்கும் சாமான். நிக்கல் குழாயின்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட்டைத் தெளிக்கிறார்கள், அதுதான் சூடானால் எலக்ட்ரான் விடும் கேத்தோடு. அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய கம்பியில், கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட். இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்குதான் இடைவெளி. எல்லாவற்றையும் நிறுத்திப் பிடிப்பவை மைக்கா தகடுகள். மைக்காவில் துளை கொஞ்சம் தளர்ந்தாலும் வால்வே மைக் ஆகிவிடும். விரலால் சுண்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கும்.

இது காதுக்குத் தெரியும் குறை. நான் பயப்படுவது வாயுவுக்குத்தான். காற்றை உறிஞ்சும்போதே கேத்தோடைச் சூடேற்றி அந்தக் கார்பனேட்டை ஆக்சைடாக மாற்றுவார்கள். அப்போது கரியமில வாயு வெளிவரும். பம்பில் அவசரப்பட்டால் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். கண்ணாடிக்குள் வெள்ளி மாதிரி மின்னும் கெட்டர் ஓரளவு விழுங்கும், அதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்34 என்ற பவர் வால்வு ஒன்றில் இப்படி மிச்சமிருக்கும் வாயுவால் கிரிட்டில் 5 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது என்று வை. கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோ ஓம். கரண்டை அடக்கி வைக்கும் கிரிட் வோல்ட்டேஜில், அதாவது பயாஸில், 1.1 வோல்ட் போய்விட்டது. எலக்ட்ரான் போய்ச் சேரும் பிளேட்டில் கரண்ட் ஏறும், சூடு ஏறும், உலோகத்தில் ஒட்டிக்கிடந்த வாயு இன்னும் கிளம்பும், கரண்ட் மறுபடி ஏறும். கடைசியில் பிளேட் செக்கச்செவேல் என்று சிவந்து நிற்கும். முழு வோல்ட்டேஜில் நல்ல நேரம் ஓடிய பிறகுதான் இது வெளியே வரும். கடையில் ஐந்து நிமிஷம் போட்டுப் பார்த்தால் பிடிபடாது.

முன்பு மட்டும் எல்லா வால்வும் நன்றாக வந்ததா என்றால் இல்லை. அப்போதும் கழிவு இருந்தது, ஆனால் கழிக்கும் வேலை ஃபேக்டரிக்குள்ளேயே நடந்தது. வாங்கியவர்கள் அப்படிப்பட்ட ஆட்கள்: ராணுவம், தொலைபேசி இலாகா, கம்ப்யூட்டர் செய்தவர்கள். 1956-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் தொலைபேசிக் கேபிளை எடுத்துக்கொள். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு கேபிள். ஒவ்வொன்றிலும் வழியில் சிக்னலைப் பெருக்க 51 ரிப்பீட்டர், ரிப்பீட்டருக்கு மூன்று வால்வு. கடலடியில் போய் யார் வால்வு மாற்றுவது? மாதக் கணக்கில் ஓடவிட்டு, அளந்து, பொறுக்கி எடுத்துத்தான் உள்ளே வைத்தார்கள். 1978 வரை அந்தக் கேபிள் வேலை செய்தது.

சின்ன சிக்னலைப் பெருக்கும் இசிசி83 வால்வையே பிரிட்டிஷ் ராணுவம் சிவி4004 என்று தனி எண் போட்டு, தனி அளவுகோல் வைத்து வாங்கியது. இ88சிசி 10,000 மணி நேர ஆயுள் சொல்லி விற்ற வால்வு. நம்ம பெங்களூரு பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனியும் 1961-இல் ரேடியோவுக்கான ரிசீவிங் வால்வு செய்ய ஆரம்பித்தது. உங்க அப்பா ரேடியோவில் இருந்தவையும் அதுதானே. இப்போது அந்தப் பழைய பெல் வால்வுகளை வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது என்ன நிலைமை? ஆடியோவுக்கு மொத்தமாக வால்வு செய்கிற பெரிய இடங்கள் என்றால் ரஷ்யாவில் சரடோவ், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே, அப்புறம் சீனா. ஜேஜே செக்கோஸ்லோவாக்கியாவின் பழைய டெஸ்லா கம்பெனியின் இயந்திரங்களை வைத்துக்கொண்டு தொடங்கியவர்கள். சரடோவிலிருந்து சோவ்டெக், எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்சால், கோல்ட் லயன் என்று பல பெயரில் வருகிறது. மல்லார்ட் பெயரும் அதில் சேர்த்தி. ஆகவே டப்பாவில் மல்லார்ட் என்று பார்த்ததும் இங்கிலாந்தில் அந்தக் காலத்து மல்லார்ட் வால்வு செய்த பிளாக்பர்ன் ஃபேக்டரியை நினைத்து உருகாதே. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்துகிறது என்று செய்தி வந்தபோது கிட்டார்க்காரர்கள் எல்லோரும் பதறி வாங்கிக் குவித்தார்கள், விலை எகிறியது. இத்தனை கொஞ்சம் பேர் செய்யும் சாமானில் வாங்குகிறவன் அதிகம் பேரம் பேச முடியாது. இன்று கடைசி வாடிக்கையாளர் தன் வீட்டில் பாட்டுக் கேட்பவர். ராணுவம் மாதிரி பெட்டியைத் திருப்பி அனுப்ப அவருக்கு ஏது பலம்? அதனால் சல்லடை ஃபேக்டரியிலிருந்து கீழே இறங்கி விற்பவன் கைக்கு வந்துவிட்டது. அதாவது நாளைக்கு உன் கைக்கு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மேல்நாட்டில் பெரிய விற்பனையாளர்கள் மொத்தமாக வாங்கி, பொறுக்கி, தங்கள் பெயரை அச்சடித்து விற்கிறார்கள். தப்பே இல்லை, அந்த வேலைக்குத்தான் கூடுதல் விலை. ஆனால் அவர்கள் பொறுக்கியது போக மிச்சம் என்ன ஆகிறது? குப்பைக்குப் போனால் சரி. பல சமயம் போவதில்லை. மலிவு விலையில் இன்னொருவர் வாங்குகிறார், அவரும் ஒருமுறை பொறுக்குகிறார், மிச்சம் இன்னும் கீழே வருகிறது. உனக்கு யாராவது நம்ப முடியாத விலை சொன்னால், அது எத்தனையாவது கையின் மிச்சம் என்று முதலில் கேள்.

எனக்கு ஒரு வியாபாரி, பெயர் வேண்டாம், சோதித்து ஜோடி சேர்த்தது என்று இஎல்34 அனுப்பினார். ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்டிக்கர், எல்லா எண்ணும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தியது. எந்த வோல்ட்டேஜில் அளந்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். கடைசிவரை பதில் இல்லை. என் பெஞ்சில் 250 வோல்ட்டில் ஜோடியாகத்தான் நின்றன. 450-க்கு ஏற்றியதும் ஒன்று ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம். இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் ஆம்பில் அப்படி ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் கோர் ஒரு பக்கமாகக் காந்தமேறி, பாட்டின் கீழ்ச்சுருதி (பாஸ்) கெட்டுப்போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ கேட்ட டெஸ்டர் விஷயம். பழைய எமிஷன் டெஸ்டரை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. கேத்தோடு செத்துவிட்டதா இல்லையா என்பதற்கு மேல் அது அதிகம் சொல்லாது. வால்வு எந்த வோல்ட்டேஜில் ஓடப்போகிறதோ அதே வோல்ட்டேஜில் பிளேட் கரண்ட், கிரிட் கரண்ட், ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே கசிவு, மூன்றும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு நாளாவது எரியவிட்ட பிறகு. கெட்டர் வெள்ளையாகப் போயிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதைச் செருகிப் பார்க்கவே வேண்டாம். இசிசி83-க்கு இரைச்சலைக் காதால் கேட்டுத்தான் தரம் பிரிக்க வேண்டும், மீட்டரை நம்பாதே. இரைச்சல் குறைந்தது முதல் ஸ்டேஜுக்கு. உள்ளே இருக்கும் இரண்டு பாதியும் சமமாக இருப்பது, சிக்னலை எதிரெதிராக இரண்டாக்கும் ஃபேஸ் ஸ்ப்ளிட்டருக்கு. கொஞ்சம் சத்தம் போடுவதைக்கூட அங்கே ஓட்டலாம், வாங்குகிறவரிடம் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடு. வாயு உள்ளதை மட்டும் எந்தத் தரத்திலும் சேர்க்காதே. துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு போடு. உடைக்காமல் வைத்தால் என்றைக்காவது அதை விற்கக் கை அரிக்கும்.

பழைய ஸ்டாக்கில் இன்னொரு தொல்லை, போலி அச்சு. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனி ஒன்பது பின் வால்வானால் அடிக் கண்ணாடியில் பின்களுக்கு நடுவே வைர வடிவக் குறி வார்ப்பிலேயே இருக்கும். மேலே பெயர் மட்டும் பளபளப்பாக இருந்து கீழே குறி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடு.

வாரண்டி பற்றி நீ எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது, ஆனால் ஒரு வருஷம் என்று போடாதே. அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தன் 300பி பவர் வால்வுக்கு ஐந்து வருஷம் தருகிறது என்றால், செய்பவனும் சோதிப்பவனும் அதே கம்பெனி, விலையும் அப்படி. நீ மூன்று மாதம் கொடு, கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடு. அந்த மாற்று வால்வின் விலையையும் நான் மேலே சொன்ன வரியில் சேர்த்துக்கொள்.

இதையெல்லாம் எழுதிய பிறகும் கணக்கு தேறினால் இறங்கு, எனக்குச் சந்தோஷம்தான். முதல் தடவை இசிசி83-உம், சின்னப் பவர் வால்வான இஎல்84-உம் மட்டும் கொஞ்சமாக வரவழை. அவை எப்படியும் போகும். விலை உயர்ந்த 300பி பக்கம் இப்போதைக்குப் போகாதே. சோதனைக்கு ஹை வோல்ட்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. தீபாவளிக்கு வரும்போது எடுத்துப் போ. கனமாக இருக்கும், பஸ்ஸில் வராதே, காரில் வா. வரும்போது திருச்சியில் அந்தப் பழைய மர்ஃபி ரேடியோவுக்கு டயல் கயிறு கிடைத்தால் வாங்கி வா, இங்கே தேடி அலுத்துவிட்டது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
கதிரேசன்