அம்பாப் பாட்டுக்கு கிட்டார் பிடிச்சா என்ன குத்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கட பேப்பரில ஒரு வாசகர் எழுதியிருந்தார், கோயில் திருவிழா மேடையில பொடியன்மார் எலக்ட்ரிக் கிட்டார், ட்ரம்ஸ் எல்லாம் வச்சு நாட்டார் பாட்டு பாடினதப் பார்த்து மனசு நொந்துபோச்சாம், இது பாட்டைக் கெடுக்கிற வேலையாம். பழைய பாட்டில அவருக்கு இருக்கிற பாசம் விளங்குது, ஆனா அந்த முடிவ என்னால ஒத்துக்கொள்ள ஏலாது. இங்கிலாந்தில ஃபெயார்போர்ட் கன்வென்ஷன் எண்டு ஒரு குழு இருக்கு, அவங்கட கதையத் தெரிஞ்ச ஆரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்க.

1967இல லண்டனில தொடங்கின குழு. ஆஷ்லி ஹட்சிங்ஸ், ரிச்சர்ட் தொம்சன், சைமன் நிக்கோல், எல்லாரும் இளம் பொடியன்மார், சைமனுக்கு அப்ப 16 வயசுதான். முதலில அவங்களும் அமெரிக்கக் குழுக்களப் பார்த்துத்தான் வாசிச்சாங்க, பொப் டிலான், ஜோனி மிச்சல் பாட்டுகள். இங்க நம்மட பொடியன்மார் சென்னை சினிமாப் பாட்ட அச்சொட்டா வாசிக்கிறாங்களே, அதே கதைதான். 1968இல சாண்டி டெனி பாட வந்தா, அவ ஃபோக் எண்ட நாட்டார் பாட்டுக் கிளப்புகளில பழைய பாட்டு பாடித் திரிஞ்சவ, அவ வந்தாப் பிறகுதான் குழுவிண்ட திசையே மாறுது.

அவ கொண்டுவந்த பாட்டு ஒண்டு, கடலுக்குப் போன காதலனத் தேடி ஒரு பொண்ணு சின்ன வள்ளத்தில போறா, வழியில வாற கப்பல் கப்டனிட்ட விசாரிக்கிறா, காதலன் கடலில தாண்டு போனான் எண்டு தெரியவருது. இந்தக் கதைய எங்கட திருகோணமலைக் கரையில, திருக்கடலூரில பிறந்த ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. 1969இல ஒரே டேக்கில பதிஞ்ச பாட்டு, 11 நிமிசத்துக்கு மேல போகும். தொடக்கத்தில சாண்டிட குரல் மட்டும்தான் தெளிவாக் கேக்கும், பின்னால ட்ரம்மர் மார்ட்டின் லாம்பிள் சிம்பல்ஸ மெதுவாத் தட்டத் தட்ட கடல் எழும்பி எழும்பி அடங்குது, போகப்போக டேவ் ஸ்வார்ப்ரிக்கிண்ட வயலினும் தொம்சன்ட எலக்ட்ரிக் கிட்டாரும் ஒண்ட ஒண்டு துரத்துது. கரண்டில வாசிச்சதால அந்தப் பொண்ணுட துக்கம் ஒரு சொட்டுக்கூடக் குறையேல்ல, கூடினதுதான் மிச்சம்.

அந்தப் பாட்டு வெளிவர முதலே லாம்பிள் செத்துப்போனான். 1969 மே 12, பேர்மிங்ஹாமில வாசிச்சுட்டு வரேக்க மோட்டர்வேயில வேன் விபத்து, அவனுக்கு 19 வயசு, தொம்சன்ட காதலியும் அதில போயிட்டா. குழுவக் கலைக்கிறதா எண்டு யோசிச்ச பொடியன்மார், ஹாம்ப்ஷயரில ஒரு வீட்டில ஒண்டாத் தங்கி, டேவ் மட்டாக்ஸ் எண்ட புது ட்ரம்மரோட, தங்கட நாட்டுப் பழைய பாட்டுகளையே கையில எடுத்தாங்க. அந்த டிசம்பரே வந்த இசைத்தட்டுத்தான் லீஜ் அண்ட் லீஃப். அதில மேட்டி க்ரோவ்ஸ் எண்ட கதைப்பாட்டு எட்டு நிமிசம், பிரபுட மனைவி, கள்ளக்காதல், கொலை எண்டு ஒரு கூத்துக்குக் காணுற கதை, அவசரமில்லாம முழுசாச் சொல்லுறாங்க. 2006இல பிபிசி ரேடியோ 2 நேயர்கள் வாக்குப் போட்டு, எல்லாக் காலத்துக்கும் செல்வாக்கான ஃபோக் தட்டு இதுதான் எண்டு தெரிவு செஞ்சாங்க. சாண்டி 31 வயசில 1978இல காலமானா, எனக்கு இப்பவும் அது ஆறாத கவலை. ஹட்சிங்ஸ் விலகிப்போய் ஸ்டீலை ஸ்பான் எண்டு இன்னொரு குழு தொடங்கினார். ஆக்கள் மாறி மாறி வந்தாலும் குழு நிக்குது, க்ரொப்ரெடி கிராமத்தில அவங்கட விழாவுக்கு ஆயிரக்கணக்கில சனம் வரும்.

இதில நம்மட ஆக்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒண்டு இருக்கு. ஹட்சிங்ஸ் பாட்டுத் தேடிப் போனது லண்டனில இருக்கிற செசில் ஷார்ப் ஹவுஸ் எண்ட நாட்டார் பாட்டு நிலையத்துக்கு. அந்த ஷார்ப் எண்ட மனுசன் 1903இல சமர்செட் பக்கம் ஒரு தோட்டக்காரர் பாடினதக் கேட்டு எழுதத் தொடங்கி, ஊரூராத் திரிஞ்சு பாட்டுச் சேர்த்தவர். அவர மாதிரி ஆக்கள் எழுதி வைக்காட்டி பொடியன்மாருக்கு எடுத்து வாசிக்க என்ன இருந்திருக்கும்?

நம்மட அம்பாவ எடுங்க, கரைவலை இழுக்கேக்க மீன்பிடிகாரர் பாடுற பாட்டு. ஒருத்தர் முன்வரி எடுக்க மற்றாக்கள் ஏலேலோ போட்டு கயிறு இழுப்பாங்க, வலை தூரத்தில நிக்கேக்க பாட்டு ஆறுதலாப் போகும், வலையிண்ட மடி கரைக்குக் கிட்ட வர வர வேகம் பிடிக்கும், எந்த ட்ரம்மருக்கும் அதில படிக்க நிறைய இருக்கு. சில கரையில வின்ச் எண்ட கயிறு சுத்துற மெஷின் இழுக்க வந்தாப் பிறகு பாட்டுக்கு வேலையில்லாமப் போச்சு. தம்பலகாமத்து வயலில வெட்டு மெஷின் வந்தாப் பிறகு சூடு மிதிக்கேக்க பாடுற பொலிப் பாட்டுக்கும் அதே நிலைமை. சம்பூர்ச் சனம் 2006இல யுத்தத்தால இடம்பெயர்ந்து வருசக்கணக்கா முகாம்களில கிடந்து, அந்த இடைக்காலத்தில கண்ண மூடின கிழவிமாரோட எத்தின பாட்டு போயிருக்கும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் ஆக்களிட்ட இருக்கிற கவியும், கம்பு தட்டி ஆடிப் பாடுற களிகம்புப் பாட்டும் வேற ஒரு பெரிய சொத்து. இதெல்லாம் அழியிறதுக்குக் காரணம் மேடையில நிண்ட கிட்டார் இல்ல ஐயா, பாடத் தெரிஞ்சாக்களிட்ட நாங்க போய்க் கேக்காததுதான்.

அதால ஆசிரியரிட்ட ஒரு வேண்டுகோள். ஞாயிறு பேப்பரில அரைப்பக்கம் ஒதுக்கி, திருகோணமலை மாவட்டத்துப் பாட்டுகள ஒவ்வொண்டா, பாடினாக்கள் சம்மதிச்சா அவங்கட பேரோடயும் ஊரோடயும் போடுங்க. சொல்லு ஊருக்கு ஊர் மாறும், அதத் திருத்தாம வாயில வந்தபடியே போடுங்க. மெட்டப் பேப்பரில அச்சடிக்க ஏலாது, அதுக்கு வாசகர்மார் போனில பதிஞ்சு அனுப்பட்டும், நீங்க யூடியூப்பில ஏத்துங்க, வாசிக்கிற பொடியன்மார் அங்கயிருந்து எடுக்கட்டும். வாடைக் காத்து தொடங்கி கரைவலை நிக்கிறதுக்கு முதல் செய்தா நல்லம். இடம் தருவீங்க எண்டா அடுத்த கிழமை ஒரு வரி போடுங்க, நிலாவெளிப் பக்கத்துப் பாட்டுகளப் பதிஞ்சு தர நான் தயார்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை