மூன்றாண்டுச் சான்று: டாங்கிக் கொள்முதலைத் தீர்மானிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் அம்பத்தூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு ஓர் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்த அர்ஜுன் டாங்கியில் பொருத்தப்படும் ஓர் உருளையைச் செய்து தர வேண்டும். எண்ணெய் அழுத்தத்தைத் தாங்கும் உறுப்பு என்பதற்கு மேல் அதைப் பற்றிப் பொதுவெளியில் எழுத எனக்கு அனுமதியில்லை. நாங்கள் முன்பு செய்து கொடுத்த உறுப்புதான் என்பதால் மகிழ்ச்சியோடு படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: கடந்த மூன்று நிதியாண்டுகளில் இதே உறுப்பைத் தொடர்ந்து வழங்கியதற்கான சான்றை இணைக்க வேண்டும். அந்த மூன்று நிதியாண்டுகளில் அவர்கள் இந்த உறுப்பை எங்களிடம் வாங்கவில்லை. எனக்குத் தெரிந்தவரை வேறு எவரிடமும் வாங்கவில்லை. வாங்காமல் இருந்தவர்களே, ஏன் விற்கவில்லை என்று எங்களைக் கேட்கிறார்கள்.

அறிவிப்பு அனுப்பிய நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிட மாட்டேன். அங்கே இருப்பவர்கள் பழைய படிவத்தில் தேதியை மாற்றி அனுப்பியிருப்பார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. எத்தனை டாங்கிகள், எந்த ஆண்டில் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கும் உங்களிடம்தான் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை அர்ஜுன் டாங்கிகள் வேண்டும் என்பதைப் பத்தாண்டுக் கணக்காக முன்கூட்டியே அறிவியுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருக்கட்டும், பன்னிரண்டாகக்கூட இருக்கட்டும். ஆனால் ஆண்டுதோறும் இருக்கட்டும்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். 1974-இல் ஒப்புதல் பெற்ற திட்டம். 2000-ஆம் ஆண்டில் 124 டாங்கிகளுக்கு ஆணை. 2004-இல் முதல் டாங்கிகள் படைக்குப் போயின. 2010-இல் ராஜஸ்தான் பாலையில் ரஷ்ய வடிவமைப்பான டி-90 டாங்கியோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகு இன்னொரு 124 வாங்கப்படும் என்றீர்கள். அதை நம்பி நாங்கள் கடன் வாங்கினோம். அந்த எண்ணிக்கை 118 ஆகச் சுருங்கி, 7,523 கோடி ரூபாய் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது 2021 செப்டம்பரில். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் மாற்றங்களும் சோதனைகளும் நடந்தன என்பதை மறுக்கவில்லை. அந்தப் பதினோரு ஆண்டுகளும் பட்டறைகள் எதைச் செய்துகொண்டு காத்திருக்கும் என்ற கேள்வி எந்தக் கோப்பிலும் எழுந்ததாகத் தெரியவில்லை.

காத்திருந்ததன் விலையை ஒரே ஒரு மனிதரைக் கொண்டு சொல்லிவிடுகிறேன். எங்களிடம் ஒரு டர்னர், அதாவது கடைசல் தொழிலாளி, இருந்தார். அந்த உருளையின் உட்துளையை ஹோனிங் செய்து, அதாவது நுண்ணிய அளவுக்குத் தேய்த்து, முடிப்பது அவருடைய வேலை. துளை 150 மில்லிமீட்டர். அதில் அனுமதிக்கப்படும் பிசகு சில மைக்ரான்கள் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), அதாவது தலைமுடியின் பருமனில் சிறு பகுதி. டிராயிங்கில் எழுதியிருக்கும் அளவு 20 டிகிரி வெப்பநிலைக்கானது. அம்பத்தூரில் அப்படியொரு வெப்பநிலை மார்கழி விடியலில் சில நாட்கள் எட்டிப் பார்த்தால் உண்டு. எஃகு பத்து டிகிரி சூடேறினால் அந்தத் துளை ஏறத்தாழ 17 மைக்ரான் விரிந்துவிடும். காலையில் தேறிய உருளை பிற்பகலில் தவறாகத் தெரியும். குளிரூட்டிய அளவீட்டு அறை வைக்க எங்களுக்கு வசதி வந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன்பு அவர் அளக்கும் கருவியான கேஜையும் உருளையையும் இரவு முழுதும் ஒரே மேசையில் கிடத்திவைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின், விடியுமுன் வந்து அளப்பார். எந்த மாதத்தில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதை ஒரு பழைய நோட்டில் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். அவர் கையால் முடித்த உருளைகளில் திரும்பி வந்தது ஒன்றுதான். அதுவும் லாரியில் அடிபட்டது.

ஆணை நின்ற பிறகு முதல் ஓராண்டு அவருக்கு வேறு வேலை கொடுத்துச் சமாளித்தேன். பம்ப் தண்டுகளும் மாவு மில் உருளைகளும் கடைந்தார். இரண்டாம் ஆண்டு சம்பளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. மூன்றாம் ஆண்டு அவராகவே வந்து, “முதலாளி, நான் இருக்குறதால உங்களுக்குத்தான் பாரம்” என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். அந்த உறுப்புக்கென்று 11 லட்சம் ரூபாயில் செய்த ஃபிக்ஸ்சரை (கடையும்போது உறுப்பைப் பிடித்துவைக்கும் சட்டம்) எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தோம். ஃபிக்ஸ்சர் காத்திருந்தது, வட்டியும் காத்திருந்தது. மனிதர் எப்படிக் காத்திருப்பார்?

புதிய ஒப்பந்தம் கையெழுத்தானபின் சோதனைத் தொகுதி ஒன்று கேட்டார்கள். அவரை அழைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இரவுப் பேருந்தில் வந்து, ஐ.டி.ஐ. முடித்த இரண்டு பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பையன்கள் கெட்டிக்காரர்கள். ஆனாலும் முதல் பதினோரு உருளைகள் இன்ஸ்பெக்ஷனில் கழிந்தன, பன்னிரண்டாவது தேறியது. சில மாதங்கள் கழித்து வேலை மீண்டும் நின்றது. எஞ்சின் வரவில்லை என்றார்கள்.

எஞ்சின் ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. அர்ஜுனுக்கு 1,400 குதிரைத்திறன் தரும் ஜெர்மனியின் எம்.டி.யு. நிறுவனத்தின் எஞ்சின் பொருத்தப்படுகிறது. அந்த வகை எஞ்சினின் தயாரிப்பு அங்கே நின்றுபோய்விட்டதாகவும், மீண்டும் தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும் என்று சொல்லப்பட்டதாகவும் செய்தித்தாள்களில் படித்தோம். ஆணையில்லாததால் உற்பத்தி வரிசை மூடப்பட்டது. திறந்து தா என்றால் காலம் கேட்கிறார்கள். அம்பத்தூரில் என் பட்டறை மூலையில் நடந்ததுதான் ஜெர்மனியின் பேராலையிலும் நடந்திருக்கிறது. அவர்கள் கேட்ட ஆண்டுகளைப் பொறுமையோடு கொடுக்கிறீர்கள். எங்களிடம் மட்டும் 90 நாளில் பொருளும், மூன்றாண்டுச் சான்றும் கேட்கப்படுகின்றன.

வேறு எஞ்சினை எடுத்து வைத்துவிடலாம் என்று வெளியாருக்குத் தோன்றலாம். உங்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று தெரியும். எஞ்சின், கியர்பெட்டி, குளிர்விக்கும் விசிறிகள் மூன்றும் ஒரே கட்டாக டாங்கியின் பின்புறம் இறங்குகின்றன. கவசத் தகடுகள் அந்தக் கட்டின் நீள அகலத்தைச் சுற்றித்தான் எழுப்பப்படுகின்றன. எஞ்சினின் உயரம் சற்றுக் கூடினாலும் பின் மேல்தளத்தை மாற்ற வேண்டும், அதோடு எடையும் சமநிலையும் மாறும். மைசூருவில் 2024 மார்ச் 20 அன்று 1,500 குதிரைத்திறன் உள்நாட்டு எஞ்சின் முதன்முறையாகச் சோதனை மேடையில் இயங்கியதைப் படித்தபோது எங்கள் பட்டறையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆனால் மேடையில் ஓடிய எஞ்சின் மணலில் ஓடும் டாங்கிக்குள் போய்ச் சேர வேண்டுமானால், அதைச் செய்பவர்களுக்கும் ஆண்டுதோறும் இத்தனை என்ற கணக்கு வேண்டும். எங்கள் கோரிக்கை அவர்களுக்கும் பொருந்தும்.

வரிசையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு டாங்கி செய்யக் கற்றுக்கொடுத்தவர்களே சாட்சி. 1965-இல் ஆவடி டாங்கி ஆலையிலிருந்து வெளிவந்த விஜயந்தா டாங்கி, இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் தொடங்கியது. என் தந்தை இரண்டு லேத்துகளோடு அங்கே பட்டறை போட்டபோது, ‘டேங்க் பேக்டரி’ இருக்கும்வரை அடுப்பெரியும் என்று ஊரில் சொல்வார்களாம். சுமார் இருபது ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விஜயந்தாக்கள் செய்யப்பட்டன. அடுப்பு எரியத்தான் செய்தது. கற்றுக்கொடுத்த நாட்டின் இன்றைய நிலை என்ன? கடைசிச் சேலஞ்சர்-2 டாங்கி 2002-இல் ஒப்படைக்கப்பட்டதோடு வரிசை முடிந்தது. இன்று சேலஞ்சர்-3 என்று பெயரிட்டு, கையிருப்பில் உள்ள பழைய டாங்கிகளில் 148-ஐ மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1916-இல் உலகின் முதல் டாங்கியைப் போர்க்களத்துக்கு அனுப்பிய நாடு அது.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. 2012 வாக்கில் புதிதாக ஏப்ரம்ஸ் டாங்கிகள் அப்போதைக்குத் தேவையில்லை என்று தரைப்படைத் தலைமையே சொன்னபோதும், ஓஹாயோவின் லைமா ஆலை மூடப்படக் கூடாதென்று அவர்களுடைய நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியது. அதில் தொகுதி அரசியலும் உண்டு, வீண்செலவு என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனாலும் ஆலை திறந்திருந்தது. நம்மிடம் டி-90 வரிசை இருக்கிறதே, 2019-இல் 464-க்கு ஆணை கொடுத்தோமே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அது வேறு டிராயிங், வேறு உறுப்பு. அங்கே இருக்கும் வேலை அர்ஜுனுக்கான கையை உயிரோடு வைக்காது.

அர்ஜுன் கனமானது என்ற படையினரின் குறையை நான் அலட்சியம் செய்யவில்லை. தொடக்கத்தில் 58.5 டன்னாக இருந்தது இப்போது 68 டன். எல்லைப்புறப் பாலங்கள் தாங்க வேண்டும், ரயில் வேகன்கள் தாங்க வேண்டும். லடாக்கின் உயரத்துக்கு 25 டன் எடையுள்ள சொராவர் என்ற இலகுரக டாங்கி தேவைப்பட்டதன் காரணம் புரிகிறது. இந்த வடிவமைப்பு போதும், 118-க்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்பது உங்கள் முடிவானால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள். ஃபிக்ஸ்சரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பையன்கள் இருவரையும் கார் உதிரிபாக வேலைக்கு மாற்றிவிடுகிறேன். வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் எங்களை வாசலிலேயே நிற்க வைக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில்வழித்தடம் வந்திருக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனைகள். அதற்கான கருத்தரங்குகளில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். கழுத்தில் அட்டை, கையில் பை, மேடையில் தற்சார்பு, மதியம் நல்ல சாப்பாடு. 2021 பிப்ரவரியில் சென்னை விழாவில் புதிய அர்ஜுனைப் பிரதமர் தரைப்படைத் தலைமைத் தளபதியிடம் ஒப்படைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நம் துளையும் அதில் இருக்கிறது என்று டர்னருக்குத் தொலைபேசியில் சொன்னேன். விழாக்களுக்கு நாள் குறிப்பதில் காட்டும் துல்லியத்தில் பாதியை ஆணைகளுக்குக் காட்டியிருந்தால், அவர் எங்கள் பட்டறையில் நின்றே அதைப் பார்த்திருப்பார். வார்த்தை தடித்துவிட்டது, பொறுத்தருள வேண்டும். கேட்க வந்தது இதுதான்.

ஆண்டுக்கு எத்தனை என்று பத்தாண்டுக் கணக்கை வெளியிடுங்கள். மொத்தமாக ஆணை கொடுத்துவிட்டுப் பதினோரு ஆண்டுகள் மௌனமாக இருப்பதைவிட, ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று தொடர்ந்து வாங்குவது எங்களுக்குப் போதும். பழுது பார்க்க வேண்டிய படைக்கும் அது உதவும், உதிரி உறுப்பு கேட்ட மாதத்தில் கிடைக்கும். அதோடு, வாங்காத ஆண்டுகளுக்கு வழங்கல் சான்று கேட்கும் நிபந்தனையை நீக்கும்படி உங்களுக்குக் கீழுள்ள கொள்முதல் அலுவலகங்களுக்கு அறிவுறுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பந்தப்புள்ளி சமர்ப்பிக்க இம்மாதம் 28-ஆம் தேதி கடைசி நாள். ஐந்தாம் பக்கத்தில் சான்று எண் கேட்கும் கட்டத்தில் நான் என்ன எழுத வேண்டும் என்பதை அதற்குள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
அம்பத்தூரில் பட்டறை நடத்தும் ஒருவன்