சோழவரம் ரன்வேக்கு ஒரு போர்டு வைங்க சார்

சோழவரம் பழைய ரன்வேயை கையில வச்சிருக்கிற அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மூணு மனு போட்டாச்சு, அதனால நான் யாரு, எதுக்கு எழுதுறேன்னு உங்களுக்கே தெரியும். போன வாரம் வந்த பதில்ல "தாங்கள் கோரிய விவரம் இவ்வலுவலகப் பதிவேடுகளில் இல்லை"ன்னு ஒரே வரி, கீழ கையெழுத்து. நான் என்ன ராணுவ ரகசியமா கேட்டேன்? வெளிய, ஜனங்க கண்ணுல படுற இடத்துல, இது என்ன இடம்னு தமிழ்ல ஒரு போர்டு வைங்கன்னுதானே கேட்டேன்.

பதிவேட்டுல இல்லன்னா சொல்றேன், எழுதிக்கோங்க. மெட்ராஸுக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்துல போட்ட ரன்வே. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் விசாகப்பட்டினத்துல குண்டு போட்டப்ப மெட்ராஸ் ஜனம் மூட்டை முடிச்சோட ஊரை காலி பண்ணுச்சே, அந்த பயத்தோட காலத்துது. போர் முடிஞ்சு ப்ளேன் போச்சு, கார் வந்துச்சு. 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷக்கணக்கா அங்கதான் ரேஸ் விட்டாங்க. கோயம்புத்தூர் ரேஸ்காரர் கரிவரதன் ஓட்டினது அங்க. விஜய் மல்லையாவும் அங்க ஓட்டினவர்தான், அப்புறம் அவர் எங்க ஓடினார்ங்கறது வேற கதை. 1990-ல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் வந்துச்சு, சோழவரத்தை எல்லாரும் மறந்தாச்சு.

எங்கப்பா மறக்கல. 79 வயசு. சின்ன வயசுல சைக்கிள் மிதிச்சே போய் ரேஸ் பாத்தவர். பைக்கெல்லாம் வரிசையா கிளம்பினா என்ஜின்ல ஊத்தின விளக்கெண்ணெய் கருகுற வாசனை வரும்டா, ரெண்டு நாளைக்கு சட்டையில நிக்கும்னு இப்பவும் சொல்வார். போன மாசம் ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு ஆசைப்பட்டார், ஆட்டோ வச்சு கூட்டிட்டுப் போனேன். வாசல்ல இருந்தவர் உள்ள விடல, அது அவர் வேலை, அதுல எனக்கு கோவம் இல்ல. ஆனா "உள்ள வெறும் பொட்டல், அங்க என்ன பெரியவரே இருக்கு பாக்க"ன்னு கேட்டார் பாருங்க, அப்பாவுக்கு பதில் சொல்ல வரல. சுட்டிக் காட்டி சொல்ல ஒரு கல்லு, ஒரு பலகை, ஒண்ணும் கிடையாது. கடைசில ஆட்டோவுலயே உக்காந்து என் ஃபோன்ல சாட்டிலைட் படத்தை வாங்கி, அந்த சாம்பல் கலர் கோடு மேல விரலை வச்சு, இங்க வேகம் எடுப்பாங்க, இங்க திருப்புவாங்கன்னு நகத்தால ஓட்டிக் காட்டினார். படம் கை பட்டு நகர்ந்துக்கிட்டே இருந்துச்சு, அவரும் திரும்பத் திரும்ப தேடினார்.

ஒரு போர்டு சார். அவ்வளவுதான்.

இது சோழவரத்தோட மட்டும் நிக்கல. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடுன்னு போர்க்காலத்து ரன்வே இன்னும் எத்தனை, எது எதுக்கு போட்டதுன்னு பக்கத்து ஊர்ப் பசங்களுக்கே தெரியாது. 2016-ல சின்ன ஊருக்கும் ப்ளேன் விடுற உடான் திட்டம் வந்ததும் பழைய தளத்தையெல்லாம் தூசி தட்டப் போறாங்கன்னு ஒரே பேச்சு, தூசி அப்படியேதான் இருக்கு. புது ஏர்போர்ட்டுக்கு எடுக்கிற பரந்தூர்ல எந்த வயல் எந்த சர்வே நம்பர்னு ஃபைல்ல பக்காவா இருக்கும்போது, ஏற்கெனவே போட்டு வச்ச ரன்வேயைப் பத்தி மட்டும் எப்படி சார் பதிவேட்டுல ஒரு வரி கூட இல்லாம போச்சு? பிரிட்டிஷ்காரன் போகும்போது கையோட எடுத்துட்டுப் போயிட்டானா?

சரி, வார்த்தை தடிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க. உங்க சிரமம் உங்களுக்கு. உள்ள விடச் சொல்லி கேக்கல, ம்யூசியம் கேக்கல. தயவு பண்ணி அந்த ஒரு போர்டை மட்டும் வச்சுக் குடுங்க. வாசகம் நானே எழுதித் தரேன், அப்பா சரி பாப்பார். எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அவருக்கு இப்பதான் ஒரு கண்ணுல புரை எடுத்திருக்கு, இன்னொண்ணு பாக்கி.