ஜீப் வரும் நேரமும் ஆறு வரும் நேரமும்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களுக்கும் வணக்கம். எங்கள் ஆற்று முகத்துவாரத்துத் தண்ணீரை எப்போது, யார், எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வைகை எங்கள் பக்கம் விருந்தாளி மாதிரிதான். மழை கொட்டினாலோ அணை திறந்தாலோதான் பரமக்குடி தாண்டும். ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் எங்கள் ஊரான ஆற்றங்கரையின் முகத்துவாரத்துக்கு வரும். இப்படிப்பட்ட ஆற்றுக்கு மாதம் ஒரு தேதி குறித்தால் அன்றைக்கு மணல்தான் கிடக்கும். மாதக்கணக்கில் தேங்கிய சாக்கடையை வாரிக்கொண்டு வருகிற முதல் வெள்ளத்தைத்தான் சோதிக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். பாசி மண்டிய தண்ணீரில் ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் அடிமட்டத்துக்கு இறங்கும். வெயில் ஏறியதும் பாசியே அதைத் திரும்ப உண்டாக்கிவிடும். காலை 11 மணிக்கு ஜீப்பில் வந்து எடுத்தால் தண்ணீர் நன்றாக இருப்பதாகவே முடிவு வரும்; மீன் செத்ததோ அதிகாலையில். அந்த நேரத்தில் அங்கே நிற்பது எங்கள் மீனவர்கள்தான். 2019 செப்டம்பரில் பூங்கோரை என்று நாங்கள் சொல்லும் கடல் நுண்பாசி படர்ந்து மன்னார் வளைகுடாவில் மீன்கள் செத்து ஒதுங்கியபோதும் முதலில் பார்த்தது கரையில் இருந்தவர்களே.

அவர்கள் கையில் 300 மில்லி கண்ணாடிக் குப்பிகளைக் கொடுங்கள். குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் சிறிதளவு விட்டு மூடிக் குலுக்கினால், பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் உண்டு; வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஆய்வகமே தேவையில்லை. காரம் கையை அரிக்கும், அதனால் கையுறை கட்டாயம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் குடிநீர்ச் சோதனைப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்தால் போதும். கழிவைச் சிதைக்கக் கிருமிகள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று மூன்று நாள் காத்திருந்து பார்க்கும் பி.ஓ.டி. சோதனையைச் சந்தேகம் வந்த இடத்துத் தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். செலவு குறைவது இங்கேதான்.

மலிவானதெல்லாம் இங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கறுத்தால் கிருமி உண்டு என்று காட்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பி ஊருணிக்குச் சரி. முகத்துவாரச் சேற்றிலிருந்து தானாகவே அந்த வாயு வருவதால் அங்கே ஏமாற்றும். கழிவை ரசாயனத்தால் சிதைத்து அளக்கும் சி.ஓ.டி. சோதனையிலும் உப்பின் குளோரைடு அளவைக் கூட்டிக் காட்டும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், கடல்நீர் 6.2 தான். உப்பைக் குறிக்காத ஆக்சிஜன் கணக்கு அரைக் கணக்கு. நிரந்தரமாக நட்டுவைக்கும் தானியங்கிக் கருவிக்கும் என் ஓட்டு இல்லை. ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும் பிடித்தால், வாங்கிய விலையைவிடச் சுரண்டும் கூலி பெரிதாகிவிடும்.

இந்தப் பருவமழைக்குள் ஆற்றங்கரையிலும், குண்டாறு சேரும் மூக்கையூரிலும் தொடங்கிப் பாருங்கள். அளந்தவர் கைப்பேசிக்கு அன்றைக்கே முடிவும் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த தடவை யாரும் குப்பியைத் தொட மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரை மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவன்