ஞாயிறு காலை வாலிபால்: பெயர் கொடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கையிலிருந்து வந்து சென்னையில் வசிக்கும் நம் குடும்பங்களுக்காக ஒரு விளையாட்டுக் குழு தொடங்குகிறோம்.

நாள்: ஜனவரி 18, ஞாயிறு, காலை 6.30 மணி
இடம்: பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை, ஷ்மிட் நினைவுச் சின்னம் அருகே

1. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.
2. தண்ணீர், தொப்பி எடுத்து வாருங்கள். பந்து, வலை, எல்லைக் கயிறு எங்கள் பொறுப்பு.
3. வலை, பெண்கள் ஆட்டத்துக்குரிய 2.24 மீட்டர் உயரத்தில் இருக்கும். எல்லாரும் கலந்து ஆட அதுவே வசதி. கடற்கரை வாலிபாலில் அணிக்கு இருவர்தான். நாம் நான்கு பேராக ஆடுவோம். யாரும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டாம்.
4. ஆட்டம் முடிந்ததும் கடலில் இறங்கக் கூடாது, பிள்ளைகள் கட்டாயம் கூடாது. நாம் கூடும் நினைவுச் சின்னமே, மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் மாலுமிக்காக எழுப்பப்பட்டது.
5. சந்தா கிடையாது.

ஊருக்குப் புதிதாக வந்து, பேச ஆளில்லாமல் இருக்கும் குடும்பம் உங்கள் தெருவில் இருந்தால் அவசியம் அழைத்து வாருங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்காகத்தான் இந்த முயற்சியே. வர இயலாதவர்கள், எந்த நாள் வசதி என்று ஒரு வரி எழுதுங்கள்.